கொள்ளுன்னா வாயத் திறக்கும்: குதிரை கேள்வி பதில்

போன இதழ்ல, இந்தக் கொரோனா ஊரடங்குல எங்க தோட்டத்துக் குதிரைங்க சும்மா நின்னு நின்னு என்ன ஆச்சுன்னு ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு நான் நினைக்கவே இல்லீங்க. ஊருல இவ்வளவு பேரு குதிரை வெச்சிருக்கீங்களா, இல்ல வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்து பொழுது போகாமக் கேக்கறீங்களான்னு தெரியல, எதுவா இருந்தாலும் சந்தோஷம். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. பொள்ளாச்சிக்குத் தெக்க ஒரு தென்னந்தோப்புல சவாரிக்குன்னு அஞ்சு குதிரை வெச்சுக்கிட்டு 18 வருஷமா குதிரைச் சாணி, அதான் லத்தி, அள்ளிக்கிட்டு இருக்கிறவன். இதை எழுதறது 2021 ஜூன் மாசம். மத்த ஊருக்கெல்லாம் கொஞ்சம் தளர்வு குடுத்துட்டாங்க, எங்க கோயம்புத்தூர் உட்பட 11 மாவட்டத்துக்கு இன்னும் இறுக்கிப் பிடிச்சிருக்காங்க. அதனால சாவகாசமாவே பதில் எழுதறேன்.

கேள்வி: அண்ணா, நாங்க கொடைக்கானல் ஏரிகிட்ட ரெண்டு மட்டக்குதிரை வெச்சு சவாரி விடறோம். ஏப்ரல் 20-ல டூரிஸ்ட்ட நிறுத்துனாங்க, அதுல இருந்து கையில காசே இல்ல. கொள்ளும் தவிடும் வாங்கி மாளல. எதைக் குறைச்சா குதிரைக்கு ஒண்ணும் ஆகாது? பக்கத்துக் காட்டுக்காரங்க விக்காத முட்டைக்கோஸ் சும்மா தர்றாங்க, போடலாமா?

தம்பி, உங்க கேள்விய நாலு தடவை படிச்சேன். ஏப்ரல் மே ரெண்டு மாசம் ஓடுனாத்தான் மழைக்காலத்துக்குத் தீனி, அந்த ரெண்டு மாசம் ரெண்டு வருஷமாப் போயிருச்சு. போன வருஷமும் சீசன் இல்ல, இந்த வருஷமும் இல்ல.

சரி, கணக்குக்கு வருவோம். குறைக்க வேண்டியது கொள்ளு, குறைக்கவே கூடாதது புல்லு. நம்மாளுங்க இதைத் தலைகீழாப் பண்ணிடறாங்க, காசு குடுத்து வாங்கற கொள்ளு தான் தீனி, புல்லு சும்மா வாய் அசைக்கறதுக்குன்னு நினைச்சுக்கிட்டு ஒரு கட்டுப் புல்லைப் போட்டுட்டு ரெண்டு படி கொள்ளக் கொட்டறது. குதிரையோட இரைப்பை அதோட உடம்புக்கு ரொம்பச் சின்னது, பெருங்குடல்தான் பெருசு, அங்கதான் புல்லு நொதிச்சு ஜீரணமாகுது, அந்தக் குடல் எந்நேரமும் நிறைஞ்சு ஓடிக்கிட்டே இருந்தாத்தான் குதிரை குதிரையா இருக்கும். 250 கிலோ மட்டக்குதிரைக்கு ஒரு நாளைக்கு அதோட எடையில 2 சதவீதம், அதாவது 5 கிலோ காஞ்ச தீவனம் வேணும். பச்சைப் புல்லுன்னா அதுல முக்கால்வாசிக்கு மேல தண்ணி, அதனால 20 கிலோவுக்குக் குறையாம அறுத்துப் போடணும். வேலை இல்லாத குதிரைக்கு இது போதும். கொள்ளு ஒரு கைப்பிடி போட்டாலும் சரி, போடாட்டியும் சரி. "இளைச்சவனுக்கு எள்ளு கொழுத்தவனுக்குக் கொள்ளு"ன்னு பெரியவங்க சொன்னது மனுஷனுக்கு, சும்மா நிக்கற குதிரைக்குக் கொள்ளு போட்டா அது எங்க போகும்னு அடுத்த கேள்வியில சொல்றேன். ஆனா ஒரே நாள்ல நிறுத்தாதீங்க, பத்து நாள்ல கொஞ்சம் கொஞ்சமா இறக்குங்க. குடல்ல இருக்கிற கிருமிங்க புதுத் தீனிக்குப் பழக நாள் வேணும்.

தவிடு மலிவுன்னு அதையே வயித்த ரொப்பப் போடறவங்க இருக்காங்க, அதுவும் வேண்டாம். தவிட்டுல பாஸ்பரஸ் ஜாஸ்தி, சுண்ணாம்புச் சத்துக் கம்மி, கூடவே வைக்கோலும் கம்பு நேப்பியர் புல்லுமா போட்டா அதுல இருக்கிற ஆக்சலேட் மிச்சச் சுண்ணாம்பையும் பிடிச்சு வெச்சுக்கும். குதிரை தன் எலும்புல இருந்து எடுத்துச் செலவு பண்ண ஆரம்பிக்கும், கொஞ்ச மாசத்துல தாடை ரெண்டு பக்கமும் வீங்கி மூஞ்சி பெட்டி மாதிரி ஆகும். கீழ வத்தலகுண்டு பக்கம் இருந்து வேலிமசால், குதிரைமசால் மாதிரி தீவனப் பயிர் வந்தா வாரத்துக்கு ரெண்டு கட்டு வாங்கிச் சேருங்க. பேருலயே குதிரை இருக்கே, சும்மாவா வெச்சாங்க? நிலக்கடலைக் கொடி கிடைச்சாலும் நல்லது, ஆனா மோந்து பாத்து வாங்குங்க, பூசணம் பிடிச்ச வாடை லேசா வந்தாலும் மாட்டுக்காரங்களுக்கு விட்டுருங்க, மாடு தாங்குறது குதிரை தாங்காது.

முட்டைக்கோஸ் வேண்டவே வேண்டாம். மனசு கஷ்டமாத்தான் இருக்கும், காட்டுல மூட்டை மூட்டையா அழுகுது, இங்க குதிரை பசியில நிக்குது. ஆனா கோஸ், காலிஃபிளவர் எல்லாம் வயித்துல காத்தடைக்கும். நமக்கு ஏப்பம் வரும், இல்ல வாந்தி வரும், குதிரைக்கு வாந்தி எடுக்கவே வராதுங்க, உள்ள போனது பின்னாடி வழியாத்தான் வரணும், நடுவுல காத்து அடைச்சா வயித்து வலியில தரையில புரண்டு புரண்டு குடலே முறுக்கிக்கும். நல்ல மனசோட பிரெட்டும் மிச்ச சாப்பாடும் கொண்டாந்து தர்றவங்களுக்கும் இதையே சொல்லி அனுப்புங்க, சண்டை போடாம. கேரட் தந்தா வாங்கிக்கங்க, ஒரு நாளைக்கு ரெண்டு கிலோவுக்கு மேல வேண்டாம், வட்டமா வெட்டாதீங்க, நீளவாக்குல வெட்டுங்க. வட்டத் துண்டு தொண்டையில கார்க் மாதிரி அடைச்சுக்கும்.

கடைசியா, நீங்க கேக்கல, ஆனா நானே சொல்றேன். அவுத்து விட்டுட்டா தானே மேஞ்சுக்கும்னு ஊருக்குள்ள விட்டுறாதீங்க. ஊட்டியில ரோட்டோரம் குப்பைத் தொட்டியில தலைய விட்டு நிக்கற குதிரைய நீங்களும் பாத்திருப்பீங்க. பாலிதீன் கவர் உள்ள போனா அது வெளிய வர்றது அதிர்ஷ்டம். கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நாலு மணி நேரம் கூடவே நின்னு மேய விடுங்க, இப்போ நமக்கு வேற என்ன வேலை!

கேள்வி: கோயம்புத்தூர்ல சொந்தமா ஒரு மார்வாரி ஜாதிக் குதிரை வெச்சிருக்கேன். ரெண்டு மாசமா சவாரி இல்ல. தளர்வு வந்ததும் பழையபடி காலையில ஒரு மணி நேரம் ஓட்டலாமா? குதிரை நல்லா கொழுகொழுன்னு துள்ளிக்கிட்டு இருக்கு.

கொழுகொழுன்னு துள்ளிக்கிட்டு இருக்குன்னு எழுதியிருக்கீங்களே, அந்த வரி தான் எனக்குப் பயம்.

போன வருஷம் நடந்ததைச் சொல்றேன். மார்ச் 24 சாயங்காலம் எல்லாம் மூடுனாங்க இல்லீங்களா, அன்னைக்கு ராத்திரி நான் பண்ணுன முத காரியம், தீவனக்கடை இனி திறப்பானோ மாட்டானோன்னு பயந்து நாலு மூட்டை கொள்ளு வாங்கி அடுக்குனது. அப்புறம்தான் தெரிஞ்சுது, மாட்டுத் தீவனக்கடை திறக்கலாம்னு அந்த ஆர்டர்லயே இருந்துச்சு. வாங்குனது வாங்கியாச்சு, குதிரைங்க பாவம் எங்கயும் போக முடியாம நிக்குதுங்கன்னு ஒரு பாசம் வேற, வேளாவேளைக்கு வேக வெச்சு வழக்கமா போடறதை விடக் கூடவே போட்டேன். எங்க செவலை, பேரே செவலைதான், எட்டு வயசு, உடம்பு அப்படியே எண்ணெய் தேச்ச மாதிரி மினுங்குச்சு. நான் பெருமையா போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் எல்லாம் வெச்சேன்.

மே முதல் வாரம் ஒரு நாள் விடியக்காலம், ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல, சேணத்தைப் போட்டு வாய்க்கால் மேட்டுப் பக்கம் எடுத்துட்டுப் போனேன். முத நூறு அடி நடை, அப்புறம் அதுவே இழுத்துக்கிட்டு ஓடுச்சு, எனக்கும் நாப்பது நாள் கழிச்சு காத்துப் படுதுன்னு சந்தோஷம், விட்டுட்டேன். அரைக் கிலோமீட்டர் கூட இருக்காது. பின்னங்கால் ரெண்டும் திடீர்னு கட்டை மாதிரி ஆச்சு. நின்னுருச்சு. நான் கால்ல தட்டறேன், நகரல. இறங்கிப் பாத்தா கழுத்துல, விலாவுல வேர்வை ஊத்துது, வெயிலே இன்னும் வரல. பின்தொடை சதைய கைய வெச்சு அமுக்குனா தென்னமரத்த அமுக்குற மாதிரி இருக்கு. கொஞ்ச நேரத்துல மூத்திரம் போச்சு பாருங்க, கடுங்காப்பி நிறம். பதினேழு வருஷ அனுபவம்னு பேசிக்கிட்டு இருந்தவன் வாய்க்கால் மேட்டுல உக்காந்து அழுதேன், இதை எழுதறதுல எனக்கு வெக்கம் இல்ல.

இதுக்கு வெள்ளைக்காரன் ஒரு பேரு வெச்சிருக்கான், திங்கக்கிழமை நோய். அந்தக் காலத்து வண்டிக்குதிரைக்கு ஞாயித்துக்கிழமை லீவு, தீனி மட்டும் வழக்கம்போல முழுசு, திங்கக்கிழமை காலையில வண்டியில பூட்டுனா நாலு எட்டு வெச்சு அப்படியே நின்னுரும். வேலையில்லாம தின்ன தானியம் சதையில சர்க்கரையாச் சேந்து கிடக்கும், திடீர்னு ஓட விட்டா சதை நார் நாரா சிதையும், அந்தச் சதையோட சாயம் ரத்தத்துல கலந்து மூத்திரத்துல வரும், அதுதான் காப்பி நிறம். அது சிறுநீரகத்த அடைச்சா ஆளே காலி. நான் ஒரே ஒரு காரியம் சரியாப் பண்ணேன், நடத்திக் கூட்டிட்டு வரல. நடந்தா சரியாப் போகும்னு அடிச்சு நடத்துவாங்க, அதுதான் சாவடிக்கிறது. அங்கயே ஒரு புளியமரத்துக்கடியில நிறுத்தி, வீட்டுக்குப் போன் அடிச்சு தண்ணியும் போர்வையும் வரவெச்சு, டாக்டர் பைக்ல வந்து குளுக்கோஸ் பாட்டிலு பாட்டிலா ஏத்தி, மத்தியானம் மூணு மணிக்குத்தான் செவலை மெதுவா லாயத்துக்கு நடந்துச்சு. அந்த ஊரடங்குல நாலு செக்போஸ்ட் தாண்டி வந்த டாக்டருக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கேன். பிழைச்சுது. மறுபடி ஏறி உக்கார மூணு மாசம் ஆச்சு.

அதனால உங்களுக்குச் சொல்றது, கொள்ளை இன்னைக்கே பாதியாக் குறைங்க, அடுத்த வாரம் அதுல பாதி. ஏறறதுக்கு முன்னாடி ஒரு வாரம் கையில பிடிச்சு 20 நிமிஷம் நடத்துங்க. ரெண்டாவது வாரம் ஏறலாம், நடை மட்டும். மூணாவது வாரம் நடுநடுவுல ரெண்டு ரெண்டு நிமிஷம் ட்ராட், அதாவது மெதுவான ஓட்டம். கேன்டர், அதாவது அதை விட வேகமான ஓட்டம் எல்லாம் ஒரு மாசம் தாண்டித்தான். சதை சீக்கிரம் தேறிடும், அதைப் பாத்து ஏமாந்துராதீங்க, கால் தசைநாணும் எலும்பும் தேற அதை விட ரொம்ப நாள் ஆகும். கொள்ளைக் கூட்டறது வேலை கூடுனதுக்கு அப்புறம், முன்னாடி இல்ல. கொள்ளுன்னா வாயத் திறக்கும் கடிவாளம்னா வாய மூடும்னு குதிரையச் சொல்வாங்க, நம்மதான் கொள்ளக் காட்டிட்டு கடிவாளத்த மறந்துட்டோம்.

கேள்வி: லாடம் கட்டறவர் வெளியூர்க்காரர், இ-பாஸ் இல்லாம வர முடியல. பத்து வாரம் ஆச்சு. ஒரு லாடம் லூசாகி ஆடுது. என்ன பண்றது? (ஏற்காடு)

குளம்பு மாசத்துக்கு அரை இஞ்சு கூட வளராது, சுமாரா 6-ல இருந்து 10 மில்லிமீட்டர். ஆனா பத்து வாரத்துல முன்பக்கம் நீண்டு, நாம பெரிய சைஸ் செருப்பு போட்டு நடந்தா எப்படித் தடுக்குமோ அப்படித் தடுக்க ஆரம்பிச்சிருக்கும். ஆடற லாடத்த அப்படியே விடாதீங்க, பாதி கழண்டு திரும்பி அந்த ஆணி மேலயே மிதிச்சா உள்ளங்குளம்புல ஏறிடும். எடுத்துடணும். ஆனா குறடு போட்டு ஒரே இழுவையா இழுத்தா குளம்புச் சுவர் பேந்துக்கிட்டு வந்துரும். குளம்புக்கு வெளிப்பக்கம் ஆணி முனை மடிச்சு விட்டிருப்பாங்க பாருங்க, அதை முதல்ல அரத்தால ராவித் தட்டையாக்கிட்டு அப்புறம் பின்பக்கத்துல இருந்து மெதுவா நெம்புங்க. எங்க லாடக்காரர் இதைப் போன வருஷம் எனக்கு வாட்ஸ்அப் வீடியோ கால்லயே நடத்திக் காட்டுனாரு. என் பொண்ணு போனைப் பிடிக்க, நான் காலைப் பிடிக்க, அவரு அங்கிருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஏனுங்க அவ்வளவு அவசரம்"னு கத்த, ஒரு லாடத்துக்கு ஒண்ணரை மணி நேரம்.

லாடம் இல்லாம விட்டா சவாரிதான் போகக்கூடாது, மண்ணுல நிக்கறதுக்கும் மேயறதுக்கும் ஒண்ணும் இல்ல. நாலு காலையும் எடுத்துட்டு இந்த ஓய்வுல குளம்புக்கும் லீவு குடுங்க. ஓரம் சில்லு சில்லாப் பேந்தா அரத்தால லேசா உருட்டி விடுங்க, அடிப்பக்கம் கத்தி வைக்காதீங்க, அது தெரிஞ்சவங்க வேலை. தினமும் குளம்பைத் தூக்கி நோண்டிச் சுத்தம் பண்ணுங்க. நாத்தம் அடிச்சு கறுப்பா சேறு மாதிரி வந்தா லாயத்துல ஈரம் ஜாஸ்தின்னு அர்த்தம்.

கேள்வி: சேணம், கடிவாளத்துக்கெல்லாம் சானிடைசர் அடிக்கிறோம். ரெண்டு மாசத்துல தோல் வெடிச்சுப் போச்சு.

போகத்தான் போகும். அதுல இருக்கிறது ஆல்கஹால், தோல்ல இருக்கிற எண்ணெய்ய உறிஞ்சிரும். பயப்பட வேண்டியது வெடிச்ச அழகுக்கு இல்ல, வார் ஓட்டத்துல அறுந்தா நீங்க கீழ. இந்தக் கிருமிக்குச் சோப்பே எமன். ஈரத்துணியில கிளிசரின் சோப்பத் தேச்சுத் துடைச்சு, நிழல்ல காய வெச்சு, லேசா எண்ணெய் காட்டுங்க. வெயில்ல காயப் போடாதீங்க. வாயில போடற இரும்பை சோப்புத் தண்ணியில கழுவி நல்ல தண்ணியில ரெண்டு தடவை அலசுங்க. பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணியில முக்கி எடுத்தேன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு, ஐயா அது குதிரை வாயிங்க, கக்கூஸ் இல்ல.

கேள்வி: எங்க வீட்டுல மூணு பேருக்கு பாசிட்டிவ். குதிரைக்கு ஒட்டுமா? குதிரைக்கும் கொரோனா இருக்குன்னு எங்க சித்தப்பா சொல்றாரு.

முதல்ல நீங்க எல்லாரும் நல்லாத் தேறி வரணும். சித்தப்பா சொல்றதுல பாதி நிஜம். குதிரைக்குன்னு தனியா ஒரு கொரோனா ரொம்ப நாளா இருக்கு, அது வந்தா குதிரைக்குக் காய்ச்சலும் கழிச்சலும் வரும், நமக்கு வராது, இப்போ உலகத்த ஆட்டுறது அது இல்ல, வேற. குதிரைகிட்ட இருந்து மனுஷனுக்கு இந்தக் கொரோனா வந்ததா இதுவரைக்கும் தகவல் இல்ல. இருந்தாலும் பாசிட்டிவ் ஆனவங்க லாயத்துப் பக்கம் போக வேண்டாம், அது குதிரைக்காக இல்ல, கூட வேலை செய்யற ஆளுக்காக. இன்னொண்ணு, தினப்படித் தீனிக் கணக்க ஒரு பேப்பர்ல எழுதி லாயத்துச் சுவத்துல ஒட்டி வைங்க, எந்தக் குதிரைக்கு எவ்வளவு, எது ஆகாது, டாக்டர் நம்பர் எல்லாம். வீட்டோட எல்லாரும் படுத்துட்டா பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து பாத்துப் போடணுமில்ல.

சொல்லப்போனா குதிரை இந்த நோய்க்கு நமக்கு உதவி பண்ற கட்சி. செத்த கிருமிய குதிரைக்கு ஊசியாப் போட்டு அதோட ரத்தத்துல வர்ற எதிர்ப்புப் பொருளைச் சுத்தப்படுத்தி மருந்தாக்கற வேலைய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐ.சி.எம்.ஆர்.) ஹைதராபாத் பயலாஜிக்கல் ஈ கம்பெனியும் சேந்து பண்றதா போன அக்டோபர்ல சொன்னாங்க. பாம்புக்கடி மருந்தும் இப்படிக் குதிரையில இருந்து வர்றதுதானே.

இதே சாக்குல ஒண்ணு. எல்லார் வீட்டுலயும் இப்போ தெர்மாமீட்டர் இருக்கு. குதிரைக்குன்னு தனியா ஒரு டிஜிட்டல் வாங்கி, பேரு எழுதி வைங்க, ஏன்னா குதிரைக்கு அதை வைக்கிற இடம் வால் தூக்கி. நல்லா இருக்கிற குதிரைக்கு 37.5-ல இருந்து 38.5 டிகிரி செல்சியஸ். கடைவாசல்ல நெத்திக்கு நேரா பிடிப்பாங்களே துப்பாக்கி மாதிரி, அது ரோமத்து மேல சரியாக் காட்டாது.

கேள்வி: குதிரைக்குப் பூச்சி மருந்தா வாங்குன ஐவர்மெக்டின் பேஸ்ட் வீட்டுல இருக்கு. கொரோனாவுக்கு நல்லதுன்னு வாட்ஸ்அப்ல வருது, கொஞ்சமா எடுத்துக்கலாமா?

கூடாது. வெளிநாட்டுல விக்கற ஒரு ட்யூப் 570 கிலோ குதிரைக்குக் கணக்குப் பண்ணுனது, அதுல 110 மில்லிகிராமுக்கு மேல மருந்து இருக்கு. 60 கிலோ ஆளுக்குப் பூச்சிக்கு டாக்டர் எழுதறதே 12 மில்லிகிராம். பட்டாணி அளவு கூடக் குறைய வந்தா என்ன ஆகும்னு யோசிங்க. அமெரிக்காவுல எஃப்.டி.ஏ.ன்னு மருந்தைக் கண்காணிக்கிற அரசாங்க அமைப்பு இருக்கு, அவங்க போன வருஷம் ஏப்ரல்லயே மிருகத்துக்கு இருக்கிறத மனுஷன் எடுக்காதீங்கன்னு கடுதாசி விட்டாங்க. ட்யூப்ப குதிரைக்கே குடுங்க, அதுவும் பூச்சி இருந்தா.

கேள்வி: சென்னையில கத்திரி வெயில்ல குதிரை மேல பச்சத்தண்ணி ஊத்தலாமா? சூடா இருக்கிற குதிரைக்கு ஊத்துனா இழுத்துக்கும்னு எங்க பெரியவர் திட்டறாரு.

எங்கப்பாவும் அதையேதான் சொன்னாரு, நானும் ரொம்ப வருஷம் நம்புனேன். 1996-ல அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் நடந்தப்போ அந்த ஊரு வெயிலுக்குப் பயந்து குதிரைங்கள வெச்சு நிறையச் சோதிச்சாங்க, நல்லா ஜில்லுன்னு தண்ணி ஊத்துறதுதான் சூட்ட வேகமா இறக்குதுன்னு தெரிஞ்சுது. ஒரு குடம் ஊத்திட்டு நிறுத்தாதீங்க, ரோமத்துல நின்ன தண்ணி சூடாயிரும், ஊத்திக்கிட்டே இருங்க, கழுத்து, நெஞ்சு, தொடை உள்பக்கம். குதிரைக்கும் நம்மள மாதிரி வேர்க்கும், உப்பும் கூடவே போகும். ஒரு நாளைக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் கல்லுப்பு, 400 கிலோ குதிரைன்னா சாதாரணமா 25, 30 லிட்டர் தண்ணி, இந்த வெயில்ல அதுக்கு ரெண்டு மடங்கு கூடக் குடிக்கும். ராத்திரி பக்கெட் காலியாயிருச்சான்னு தூங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை போய்ப் பாருங்க. பெரியவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, மழை பெஞ்சா நனையுதே அப்போ இழுக்குதான்னு மட்டும் கேளுங்க.

கேள்வி: நான் ஐ.டி.யில இருக்கேன், ஒன்னேகால் வருஷமா வீட்டுல இருந்துதான் வேலை. சொந்த ஊரு அந்தியூர் பக்கம், இடம் இருக்கு. மனசு ஆறுதலுக்கு ஒரு குதிரை வாங்கலாம்னு இருக்கேன். ஆடிச் சந்தையில கிடைக்குமா?

தங்கச்சி, அந்தியூர்க்காரங்க என்கிட்ட குதிரைச் சந்தை பத்திக் கேக்கறீங்க பாருங்க! குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா போன வருஷம் இந்த நோயால நடக்கல, இந்த வருஷமும் கூட்டம் கூட விடுவாங்கன்னு எனக்குத் தோணல. நடந்தாலும் சந்தையில முதல் குதிரைய வாங்காதீங்க. அங்க மார்வாரி, கத்தியவாரி ஜாதிக் குதிரைங்க காது ரெண்டும் நுனியில தொட்டுக்கிட்டு, நெத்தியில குஞ்சம் கட்டி, மேளத்துக்கு ஆடுறதப் பாத்தா யாருக்கும் பித்துப் பிடிக்கும். அந்தக் குதிரைய மறுநாள் காலையில உங்க வாசல்ல கட்டும்போது மேளமும் இருக்காது, அதை ஆட்டுன ஆளும் இருக்கமாட்டாரு.

ஒரு குதிரை 25, 30 வருஷம் இருக்கும். உங்க ஆபீஸ் அடுத்த வருஷமே பெங்களூருக்கு வான்னு கூப்பிட்டா யாரு பாத்துக்குவா? அம்மா அப்பாவா? யானை வாங்கி அங்குசம் வாங்காத கதை கேட்டிருப்பீங்க, இங்க குதிரை வாங்கறதுதான் செலவுல சின்னது, லாடம், தடுப்பூசி, டாக்டர், ஒரு ஆள் சம்பளம், இதுதான் மாசாமாசம் வர்றது. ரணஜன்னி, அதான் டெட்டனஸ், அதுக்கு ஊசி வருஷா வருஷம் கட்டாயம், குதிரைக்கு அது சீக்கிரம் பிடிக்கும். இன்னொண்ணு, குதிரை கூட்டத்துல பொறந்தது, தனியாக் கட்டி வெச்சா ஏங்கும், கட்டுன இடத்துலயே தலைய ஆட்டிக்கிட்டு நிக்கும், மரத்தக் கடிச்சுக் காத்த முழுங்கும். துணைக்கு ஒரு ஆடு கழுதையாவது வேணும்.

வேண்டாம்னு சொல்லல. கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் சவாரி விடறவங்க எல்லாம் இப்போ கைல காசில்லாம கஷ்டத்துல இருக்காங்க. அவங்ககிட்ட ஒரு குதிரைக்கு மாசத் தீனிச் செலவ நீங்க ஏத்துக்கங்க, வாரத்துக்கு ரெண்டு நாள் விடிகாலையில போய் நீங்களே தேச்சு, லத்தி அள்ளி, நடத்துங்க. ஒரு வருஷம். மழைக்காலமும் சேத்து. அதுக்கப்புறமும் ஆசை இருந்தா எனக்கு எழுதுங்க, நானே கூட வந்து பாத்து வாங்கித் தர்றேன்.

கேள்வி: மாமா, நான் மாஸ்க் போட்டுட்டுப் போனா குதிரைக்கு என்னைத் தெரியுமா? உங்க போட்டோல குதிரையும் மாஸ்க் போட்டிருக்கு, அதுக்கும் கொரோனாவா? (நாலாம் கிளாஸ்)

தெரியும் கண்ணு. உன் வாசனையும் குரலும் அதுக்குப் போதும். தூரத்துல இருந்தே பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே போ, திடீர்னு பின்னாடி போய் நிக்காதே. குதிரை போட்டிருந்தது ஈ மாஸ்க், கண்ணுல ஈ மொய்க்காம இருக்க வலைத்துணி, அது வழியா அதுக்கு எல்லாம் தெரியும். அது மூக்க விட்டுட்டு கண்ண மூடும், உங்க தாத்தா தாடைக்குப் போட்டுட்டு மூக்க விடற மாதிரி இல்ல.

கேள்வி: ஊரடங்குல மாடித்தோட்டம் போட்டிருக்கேன். குதிரைச் சாணம் ரோஜாவுக்கு நல்லதாமே, உங்ககிட்ட கிடைக்குமா?

கிடைக்குமாவா? ஒரு குதிரை ஒரு நாளைக்கு 15-ல இருந்து 20 கிலோ போடுது, என்கிட்ட அஞ்சு இருக்கு, கணக்கு நீங்களே போடுங்க. பச்சையா வேர்ல போடாதீங்க, சூட்டுல செடி கருகும், தின்ன புல்லோட விதையெல்லாம் அப்படியே முளைக்கும். மூணு மாசம் குமிச்சு, வாரத்துக்கு ஒரு தடவை பிரட்டி, ஈரம் காயாமப் பாத்துக்கிட்டா பொலபொலன்னு மக்கிரும். கையுறை போட்டுக்கங்க, ரணஜன்னிக் கிருமி குதிரை லத்தியில இருக்கும், டி.டி. ஊசி போட்டு ரொம்ப வருஷம் ஆச்சுன்னா ஒண்ணு போட்டுக்கங்க. என்கிட்ட மக்குனது நாப்பது மூட்டை அளவு குமிஞ்சு கிடக்கு, காசெல்லாம் வேண்டாம். மாவட்டம் விட்டு மாவட்டம் விட ஆரம்பிச்சதும் வாங்க, சாக்குப் பை மட்டும் நீங்க கொண்டாங்க, என்கிட்ட இருந்ததெல்லாம் தீந்துபோச்சு.